தேதி சொல்லாத ரத்தப் பரிசோதனை: பிறப்புறுப்பு ஹெர்பெஸ் தெரியவந்த ஒரு தம்பதியின் நிகழ்வு ஆய்வு

பிறப்புறுப்பு ஹெர்பெஸ் என்பது பாலுறவில் பரவும் ஒரு வைரஸ் தொற்று. அந்த வைரஸில் இரண்டு வகை உண்டு: ஒன்றாம் வகை பெரும்பாலும் உதட்டிலும், இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பிலும் கொப்புளம் தரும். இந்த ஆய்வில் வரும் இருவரும் அடையாளம் காண முடியாதபடி ஊர், தொழில் போன்ற விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மருத்துவ விவரங்களும் முடிவெடுத்த வரிசையும் மாற்றப்படவில்லை. முதல் அறிகுறி தோன்றிய நாளை 1ஆம் நாள் என்று வைத்துக் கணக்கிடப்பட்டுள்ளது.

பின்னணி

மனைவிக்கு 27 வயது, தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவருக்கு 32 வயது, ஜவுளி ஆர்டர் பிடிக்கும் வேலை, மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வடக்கே பயணம். கொங்குப் பகுதியின் ஒரு தொழில் நகரத்தில் கணவரின் அம்மாவுடன் வசிக்கிறார்கள். திருமணமாகி 14 மாதம் ஆகியிருந்தது. "இன்னும் விசேஷம் இல்லையா" என்ற கேள்வி இரண்டு பக்கத்திலும் தொடங்கிவிட்டதால் ஆறு மாதமாகக் கருத்தடை எதையும் பயன்படுத்தவில்லை.

அறிகுறி தொடங்குவதற்கு 8 நாள் முன்புதான் கணவர் 12 நாள் டெல்லிப் பயணம் முடித்துத் திரும்பியிருந்தார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த எட்டு நாள் என்ற எண்ணே அச்சாணி ஆயிற்று.

முதல் ஆறு நாள்

1ஆம் நாள் மனைவிக்குக் காய்ச்சல், இடுப்பிலிருந்து தொடை வரை வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். மெடிக்கலில் கேட்டதும் "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். 3ஆம் நாள் பிறப்புறுப்பின் வெளி இதழ்களில் இரு பக்கமும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் எழுந்தது. அதே கடையில் ஒரு களிம்பு கிடைத்தது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த வகை. படர்தாமரைக்கும் அரிப்புக்கும் கேட்பவர்களுக்கெல்லாம் கடைகளில் எடுத்து நீட்டப்படுவது இதுதான். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் வைரஸ் புண் அதன்கீழ் இன்னும் பரவ இடமுண்டு. 4ஆம் நாள் கொப்புளங்கள் உடைந்து, திறந்த புண்களாயின.

போனில் தன் அம்மாவிடம் சொன்னபோது, "அக்கியா இருக்கும் கண்ணு, உடம்பு சூடு" என்றார். குயவர் வீட்டில் காவிமண் குழைத்து அக்கி எழுதுவது அந்தக் குடும்பத்தில் வழக்கம். இது எழுத முடிகிற இடம் அல்ல. பதிலுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார். திறந்த புண்ணில் பூசிய மஞ்சள் எரிச்சலைக் கூட்டியது. மறுநாள் பரிசோதித்த மருத்துவருக்குப் புண்ணின் ஓரமும் அடியும் தெரியாதபடி சாயமும் ஏறியிருந்தது. அம்மாவின் ஊகம் முற்றிலும் பிசகு என்றும் சொல்ல முடியாது. அக்கியை உண்டாக்கும் வைரஸும் ஹெர்பெஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அக்கி உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும், பாலுறவில் தொற்றாது. இங்கே இரு பக்கமும் இருந்தது.

5ஆம் நாள் இரவிலிருந்து எரிச்சலுக்குப் பயந்து சிறுநீரை அடக்கினார். காலையில் கழிக்கவே முடியவில்லை. 6ஆம் நாள் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

மருத்துவமனையில் கண்டது

காய்ச்சல் 101 டிகிரி. இரு வெளி இதழ்களிலும் ஆழமற்ற, தொட்டால் உயிர்போகும் வலியுள்ள 20க்கும் மேற்பட்ட புண்கள். சில இடங்களில் இன்னும் உடையாத கொப்புளம். இரு தொடை இடுக்கிலும் நெறிகட்டியிருந்தது. வலி காரணமாகக் கருப்பைவாய்ப் பரிசோதனை தள்ளிவைக்கப்பட்டது. தலைவலியோ கழுத்துப் பிடிப்போ இல்லை. முதல் ஹெர்பெஸ் தாக்கத்தில் மூளை உறையில் அழற்சி வரலாம், இடுப்புத் தண்டு நரம்புகள் பாதித்துச் சிறுநீர் அடைபடலாம் என்பதால் இரண்டும் தனித்தனியே கேட்கப்பட்டன.

வேறு என்னவாக இருக்கலாம் என்பதும் அங்கேயே அலசப்பட்டது. சிபிலிஸ் புண் பெரும்பாலும் ஒன்றாக, வலியில்லாமல், அடி கெட்டியாக இருக்கும். மாத்திரை ஒவ்வாமையால் பிறப்புறுப்பில் புண் வருவதும் உண்டு, கடை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இதை மறக்கக் கூடாது. அட்டையை வாங்கிப் பார்த்ததில், மாத்திரை தொடங்கும் முன்பே எரிச்சலும் காய்ச்சலும் இருந்தது உறுதியாயிற்று. வாயிலும் பிறப்புறுப்பிலும் சேர்ந்து புண் வரும் நோய்களும் உண்டு என்பதால், வாய்ப்புண் அடிக்கடி வருமா என்று கேட்டதற்கு இல்லை என்றார்.

புண்ணின் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றியதில், பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்கள் தெரிந்தன. ஸான்க் பரிசோதனை என்ற இந்தப் பழைய முறை ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால் அது ஹெர்பெஸ் குடும்பம் என்று மட்டும்தான் சொல்லும். அக்கியா, ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸா, அதில் எந்த வகை என்பதைப் பிரிக்காது. ஆகவே உடையாத ஒரு கொப்புளத்தின் மேல்தோலை நீக்கி, அடியில் பஞ்சுக்குச்சியை அழுத்தித் தேய்த்து எடுத்து, வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பொருக்குக் கட்டிய புண்ணில் எடுத்தால் வைரஸ் இருந்தும் இல்லை என்றே வர வாய்ப்பு அதிகம். வந்தது 6ஆம் நாள் என்பதால் இன்னும் புதுக் கொப்புளம் மிச்சமிருந்தது. அதே நாள் ரத்தத்தில் சிபிலிஸ், எச்.ஐ.வி, வகை பிரித்துச் சொல்லும் ஹெர்பெஸ் ஐ.ஜி.ஜி (வைரஸுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள்) பரிசோதனைகளும், சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்யப்பட்டன. கர்ப்பம் இல்லை.

அன்றே எடுத்த முடிவுகள்

பி.சி.ஆர் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. முதல் தாக்கத்தில் மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன். அரசுப் பால்வினை நோய் மையங்களில் ஹெர்பெஸ் புண்ணுக்கு உள்ள சிவப்பு நிற கிட் கொடுக்கப்பட்டது. அசைக்ளோவிர் 400 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள், மொத்தம் 21 மாத்திரை. தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும், எரிகிறது என்று குறைக்கக் கூடாது. குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடும், சிறுநீரகத்துக்கும் மருந்து சுமையாகும். களிம்பு அன்றோடு நிறுத்தப்பட்டது.

சிறுநீர் அடைப்புக்கு உடனே குழாய் செருகவில்லை. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லைத் தடவி ஐந்து நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் நிரம்பிய தொட்டியில் உட்கார வைத்து, தண்ணீருக்குள்ளேயே போகச் சொன்னார்கள். போய்விட்டது. வீட்டில் பெரிய பேசின் இல்லாவிட்டால் போகும்போது குவளையால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாலும் எரிச்சல் பாதியாகும். வலிக்குப் பாரசிட்டமால், தளர்வான பருத்தித் துணி, புண்ணை ஒற்றித் துடைப்பது, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. முதல் தாக்கத்தின்போது விரல்வழி கண்ணுக்கும் நகக்கண்ணுக்கும் பரவலாம்.

மறுபரிசோதனைக்கு 13ஆம் நாள் வரச் சொன்னது ஒரு பிழை. மருந்து முடியும் 12ஆம் நாளில் இரண்டு புதுப் புண் எழுந்திருந்தன. அவர் போனில் கேட்டதால்தான் மேலும் மூன்று நாளுக்கு ஒன்பது மாத்திரை கொடுத்துப் பத்து நாளாக்க முடிந்தது. புண் முழுதும் ஆறியது 22ஆம் நாள்.

முதல் ஆலோசனை

ஆலோசகர் மனைவியைத் தனியறையில் முக்கால் மணி நேரம் சந்தித்தார். மூன்றாவது நிமிடமே மனைவி கேட்டது, "யார்கிட்ட இருந்துங்க வந்துது?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்பட்டவை சரியானவை. இந்த வைரஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. உலகில் 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேருக்கு ஹெர்பெஸ் இரண்டாம் வகை இருப்பதாக 2020ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவன மதிப்பீடு சொல்கிறது. புண் எதுவும் இல்லாத நாளிலும் தோலிலிருந்து வைரஸ் வெளியேறும். ஆண்டுக்கணக்கில் பரவாமல் இருந்து ஒருநாள் பரவுவதும் உண்டு. உடம்பைவிட்டு முழுதாக நீங்காது, நரம்பு முடிச்சில் தங்கும், கட்டுக்குள் வைக்கலாம், ஆயுளைக் குறைக்காது.

சொல்லாமல் விட்டதுதான் விலை கேட்டது. கணவர் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா, எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அன்று ஒரு வார்த்தையும் இல்லை. எழுதிய தாளும் தரப்படவில்லை. அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது "ஹெர்பெஸ்" என்ற ஒரு சொல்லை மட்டும்.

தூக்கம், பசி, சாவதைப் பற்றிய எண்ணம் மூன்றும் நேரடியாகக் கேட்கப்பட்டன. "செத்துப்போலாம்னு தோணுச்சு, ஆனா செய்யமாட்டேன்" என்றார். இரவில் பேச அரசின் 104 உதவி எண் தரப்பட்டது, மறுநாள் ஆலோசகரே அழைப்பதாக ஏற்பாடு. அழைத்தார்.

ஐ.ஜி.எம் அறிக்கை

8ஆம் நாள் கணவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போனார். ஹெர்பெஸ் என்றதும் அங்கே எழுதப்பட்டது, ஒன்று, இரண்டு வகைகளுக்கும் சேர்த்து, ஐ.ஜி.எம் என்ற இன்னொரு எதிர்ப்பொருளுக்கான பரிசோதனை. 9ஆம் நாள் முடிவு: வரம்பு 1.1, இவருக்கு 1.4, பாசிட்டிவ்.

நம் ஊரில் ஐ.ஜி.எம் என்ற எழுத்துகளை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது டெங்கு. ஐ.ஜி.எம் வந்தால் புதுசு, ஐ.ஜி.ஜி வந்தால் பழசு என்பது எல்லா வீட்டிலும் தெரியும். மனைவி அதே விதியை இதற்கும் பொருத்தினார். தொற்றியதிலிருந்து அறிகுறி வரும்வரை 2 முதல் 12 நாள் என்று இணையத்தில் படித்திருந்தார். கணவர் திரும்பி 8 நாள். டெல்லியில் வாங்கி வந்து தந்திருக்கிறார் என்று விடை வந்தது. கணக்கு எங்கும் இடிக்கவில்லை. தவறு கொடுக்கப்பட்ட எண்ணில் இருந்தது.

ஹெர்பெஸில் ஐ.ஜி.எம் அப்படி நடந்துகொள்வதில்லை. பல ஆண்டு பழைய தொற்று மீண்டும் தலைதூக்கும்போதும் அது வரும். ஒன்றாம் வகையையும் இரண்டாம் வகையையும் பிரிக்காது, ஆகவே உதட்டுக் கொப்புளத்தின் மிச்சத்தாலும் பாசிட்டிவ் ஆகலாம். வரம்பை ஒட்டிய 1.4 போன்ற எண்கள் வெறும் பொய்யாகவும் இருக்கலாம். இந்த நோய்க்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றே பால்வினை நோய் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இருந்தும் ஆய்வகங்களின் விலைப்பட்டியலில் அது இருக்கிறது.

கணவர், "சத்தியமா ஒண்ணும் நடக்கல, டெஸ்ட் தப்பு" என்றார். டெஸ்ட் தப்பு என்பது உண்மை. ஆனால் அதை நம்பும்படி சொல்லக்கூடிய ஆள் அவர் இல்லை. 11ஆம் நாள் மனைவி பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போனார். 12ஆம் நாள் தாய்மாமன் ஒருவர் வக்கீலைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அறிக்கைகளை அடுக்கிப் பார்த்தது

13ஆம் நாள் மனைவி அம்மாவுடன் வந்தார். அம்மா வெளியே உட்காரவைக்கப்பட்டார், மகள் கேட்டுக்கொண்டபடி. பி.சி.ஆர் வந்திருந்தது: ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் இரண்டாம் வகை. 6ஆம் நாள் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி ஒன்றாம் வகைக்கும் இல்லை, இரண்டாம் வகைக்கும் இல்லை. சிபிலிஸ், எச்.ஐ.வி இல்லை.

புண்ணில் வைரஸ் இருந்து, ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இன்னும் உருவாகாமல் இருந்தால் தொற்று புதியது. மனைவியின் விஷயத்தில் இது கிட்டத்தட்டத் தேதி போட்ட சீட்டுதான்: கணவர் திரும்பிய பிறகு தொற்றியது. ஆனால் அது மனைவியின் தேதி. கணவருக்கு எப்போது வந்தது என்பதை அந்தச் சீட்டு சொல்லாது. ஆலோசகர் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு, ஒன்றில் மட்டும் புள்ளி வைத்தார். மற்றொன்றை வெறுமையாக விட்டார். ஐ.ஜி.எம் அறிக்கையைக் கிழிக்கவில்லை. அதன் ஓரத்தில் "வகை பிரிக்காது, காலம் காட்டாது" என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டார். வாயால் சொல்வதைவிட அந்தக் கையெழுத்து வேலை செய்தது.

கணவரை வரச்சொல்லச் சம்மதமா என்று கேட்கப்பட்டது. "வரட்டுங்க, ஆனா நான் இருக்கற அன்னிக்கு வேண்டாம்" என்றார்.

கணவர் தனியே வந்த நாள்

16ஆம் நாள். வலது பிட்டத்திலும் ஆணுறுப்பின் அடிப்பகுதியிலும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சின்னக் கொப்புளம் வரும் என்றார். ஐந்து வருடமாக இருக்கிறது. நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகுதான் வரும். சூட்டுக் கொப்புளம் என்று நினைத்து நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பார், மோர் குடிப்பார், ஒரு களிம்பு போடுவார், ஒரு வாரத்தில் போய்விடும். டெல்லியில் இருக்கும்போதும் வந்ததா என்றதற்குச் சற்று யோசித்து, "ஆமாங்க, பிட்டத்துல ரெண்டு" என்றார். பார்த்ததில் புண் இல்லை, அந்த இடங்களில் வெளிறிய தழும்பு மட்டும்.

பிறகு, கேட்காமலே, திருமணத்துக்கு முன் பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெண்ணுடன் எட்டு மாத உறவு இருந்தது என்றார். திருமணத்துக்குப் பிறகு யாரும் இல்லை என்றார். மையம் அதை நம்பவும் இல்லை, சந்தேகிக்கவும் இல்லை. எழுதிவைத்துக்கொண்டது.

வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி: இரண்டாம் வகை பாசிட்டிவ், குறியீட்டு எண் 7.2. ஒன்றாம் வகையும் பாசிட்டிவ். இந்தப் பரிசோதனையில் 1.1 முதல் 3 வரையான எண்களை அப்படியே நம்பக் கூடாது, 7.2 நம்பலாம். ஆனால் எண் பெரிதாக இருப்பதால் தொற்று பழையது என்று ஆகாது. ஐ.ஜி.ஜி சிலருக்கு மூன்று வாரத்திலேயே உருவாகிவிடும், சிலருக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். ஆக, சரியான பரிசோதனையும் தேதி சொல்லவில்லை. ஒரே இடத்தில் ஐந்து வருடமாக வந்து போகும் கொப்புளம் என்ற விவரம் எந்த ரத்தப் பரிசோதனையையும்விட எடையுள்ள சான்று. அதுவும் சான்று மட்டுமே. அவர் சொன்னதைத் தவிர அதற்கு ஆதாரம் அப்போது இல்லை.

பெங்களூர் விஷயத்தை மையம் மனைவியிடம் சொல்லாது, அவர்தான் சொல்ல வேண்டும், எப்போது என்பதும் அவர் முடிவு என்று தெளிவுபடுத்தப்பட்டது. எதை முதலில் சொல்வது என்பதைப் பேசிப் பார்த்தார்கள். "எனக்கே தெரியாது" என்று தொடங்கத்தான் அவர் விரும்பினார். அப்படித் தொடங்கினால் அடுத்து வருவதெல்லாம் சாக்காகவே கேட்கும். ஆலோசகர் யோசனையின் பேரில் வரிசை மாறியது: என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது, பிறகு பெங்களூர், கடைசியாக, தெரியாமல் இருந்தது.

இருவரும் ஒரே அறையில்

31ஆம் நாள், மனைவி கேட்டுக்கொண்டதால், சந்திப்பு மையத்தில் நடந்தது. கணவர் அந்த வரிசையில் சொன்னார். நீண்ட அமைதிக்குப் பிறகு மனைவி சொன்னது யாரும் எதிர்பாராதது: "கல்யாணமான புதுசுல உங்க பையில ஒரு ட்யூப் இருந்துச்சே, சூட்டுக்குன்னு சொன்னீங்களே." டெல்லிப் பயணத்துக்கு ஓராண்டு முன்பே அந்தக் களிம்பு அவர் கண்ணில் பட்டிருந்தது. எந்த ஆய்வகமும் தர முடியாத தேதி அதுதான்.

அத்தோடு முடியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசவிட்டபோது, முன்பு யாராவது உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னாரே என்பதில் மனைவி உடைந்தார். சந்தேகம் நீங்கி, அதன் இடத்தில் ஏமாற்றம் வந்தது. வைரஸைப் பற்றிய விளக்கம் எதுவும் இதற்கு மருந்தாகாது என்பதால் ஆலோசகர் விளக்குவதை நிறுத்திக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. சேர்த்துவைப்பது மையத்தின் வேலை அல்ல. 44ஆம் நாள் மனைவி தானாகத் திரும்பினார். மாமியாரிடமும் அம்மாவிடமும் என்ன சொல்வது என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள்: அக்கி போல ஒன்று, சரியாகிவிட்டது. சோப்பு, துண்டு, கழிவறை தனியாக வேண்டியதில்லை. உலர்ந்த பரப்பில் இந்த வைரஸ் நிலைப்பதில்லை, தோலோடு தோல் உரசினால்தான் பரவும்.

மீண்டும் வந்தபோது

ஒன்பதாவது வாரம் மனைவிக்கு மூன்று கொப்புளம். வருவதற்கு முந்தைய நாள் அதே இடத்தில் ஊறலும் கூச்சமும். கெட்ட வேளையாக, கணவர் அந்த வாரம்தான் சூரத்திலிருந்து திரும்பியிருந்தார். "மறுபடியும் கொண்டுவந்துட்டாரு" என்று நள்ளிரவில் போன். இது வெளியிலிருந்து வருவதல்ல, மனைவியின் நரம்பு முடிச்சில் தங்கியதே எழுகிறது என்பதும், இருவருக்கும் ஒரே வைரஸ் இருப்பதால் ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்பத் தொற்றிக்கொள்வதில்லை என்பதும் முன்பே சொல்லப்பட்டவைதான். கேட்டதும் புரிந்ததும் வேறு வேறு. ஐந்து நாளில் ஆறிவிட்டது.

இரண்டு வழிகள் இருந்தன. ஊறல் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் 400 மி.கி. மூன்று வேளை ஐந்து நாள், அல்லது 800 மி.கி. மூன்று வேளை இரண்டு நாள் என்று வரும்போது மட்டும் சாப்பிடுவது. அல்லது 400 மி.கி. தினமும் இரு வேளை விடாமல் சாப்பிட்டு வராமலே தடுப்பது. இரண்டாம் வகையில் முதல் ஆண்டு நான்கு முறை வருவது சாதாரணம், பிறகு படிப்படியாகக் குறையும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதல் வழியே போதும். ஆனால் ஒவ்வொரு கொப்புளமும் அந்த வீட்டில் ஒரு விசாரணையாக மாறியது. ஆறு மாதம் தினசரி மாத்திரை என்று முடிவாயிற்று. அந்த ஆறு மாதத்தில் வந்தது ஒரே முறை, மாத்திரை நான்கு நாள் விட்டுப்போன ஒரு கல்யாண வாரத்தில்.

மூன்றாம் மாதம் இருவருக்கும் எச்.ஐ.வி, சிபிலிஸ் மறுபரிசோதனை, இல்லை. ஹெர்பெஸ் இரண்டாம் வகை இருப்பவர்களுக்கு எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு என்பதால் இது விடக்கூடாத படி. 16ஆவது வாரம் மனைவியின் ஐ.ஜி.ஜி பாசிட்டிவ் ஆகியிருந்தது.

படுக்கை நெருக்கம் ஐந்து மாதம் இல்லை. முதலில் வலிக்கும் என்ற பயம், பிறகு கோபம், பிறகு பழக்கம். இருவருக்கும் ஒரே வகை இருப்பதால் ஹெர்பெஸுக்காக ஆணுறை தேவையில்லை, புண்ணோ ஊறலோ உள்ள நாட்களில் மட்டும் தவிர்த்தால் போதும் என்று சொல்லப்பட்டது. ஒருவருக்கு மட்டும் இருந்தால் அறிவுரையே வேறு: ஆணுறையும் தினசரி மருந்தும் சேர்ந்து ஆபத்தைக் குறைக்கும், பூஜ்யமாக்காது, ஏனென்றால் ஆணுறை மறைக்காத தோலிலும் வைரஸ் வெளியேறும்.

கர்ப்பமும் பிரசவ ஊரும்

தினசரி மாத்திரை நிறுத்திய மூன்றாம் மாதம் கருவுற்றார். அவரை அலைக்கழித்த பயம் குழந்தைக்கு வருமா என்பது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால் பிரசவத்தில் குழந்தைக்குப் பரவும் ஆபத்து 30 முதல் 50 சதவீதம். முன்பே தொற்றி, எதிர்ப்பொருள் உருவான தாய்க்கு அது ஒரு சதவீதத்துக்கும் கீழ். அவர் இதில் இரண்டாவது நிலையில் இருந்தார். இந்த ஒரு தகவலை முதல் நாளே சொல்லியிருந்தால் பல மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

36ஆவது வாரத்திலிருந்து பிரசவம் வரை அசைக்ளோவிர் 400 மி.கி. மூன்று வேளை, பிரசவ வலி வந்ததும் நல்ல வெளிச்சத்தில் புண் உண்டா என்று பார்ப்பது, புண்ணோ ஊறலோ இருந்தால் அறுவைப் பிரசவம், இல்லாவிட்டால் சுகப்பிரசவம் என்று திட்டம். திட்டம் எழுதப்பட்டது இந்த ஊரில். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் அவர் போகப்போவது அம்மா ஊருக்கு, அங்கே வேறு மருத்துவர், வேறு ஏடு. கர்ப்பிணி அட்டையில் ஹெர்பெஸ் என்று எழுதினால் வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். அதனால் மூடிய உறையில் தனிக் கடிதம் தரப்பட்டது. 38 வாரம் முடிந்தபோது வலி வந்தது, புண் இல்லை, சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2.9 கிலோ. ஆறு வாரம் வரை கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்காமை, வலிப்பு, அளவுக்கு மீறிய சோர்வு ஏதேனும் வந்தால் உடனே கொண்டுவரச் சொல்லப்பட்டது. எதுவும் வரவில்லை. மார்பில் புண் இல்லாததால் தாய்ப்பாலுக்குத் தடையில்லை. உதட்டில் கொப்புளம் உள்ள யாரும் குழந்தையை முத்தமிடக் கூடாது என்பதைப் பாட்டிமார் இருவருக்கும் காரணம் சொல்லாமலே சொல்ல முடிந்தது.

கடைசியாக வந்தபோது குழந்தைக்கு நான்கு மாதம். கணவர் இப்போது பயணத்தில் கொப்புளம் வந்தால் வீட்டுக்குப் போன் செய்து சொல்கிறார். பெங்களூரைப் பற்றி வீட்டில் பேச்சு எழுவதில்லை. அது தீர்ந்துவிட்டதா, மூடிவைக்கப்பட்டிருக்கிறதா என்று ஆலோசகர் கேட்டபோது மனைவி சிரித்தார், பதில் சொல்லவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

வெளியே நிற்கும் துணைவரை, நோயாளியின் சம்மதத்துடன், அதே நாளில் உள்ளே அழைக்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் குறைந்தபட்சம் ஒரு சீட்டு: "வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி மட்டும், ஐ.ஜி.எம் வேண்டாம், மருத்துவரைப் பார்த்த பிறகு." இந்த ஒரு வரி இருந்திருந்தால் 9ஆம் நாள் நிகழ்ந்திருக்காது.

சிவப்பு கிட் ஏழு நாளுக்கானது. முதல் தாக்கத்துக்குப் பல சமயம் அது போதாது. மறுபரிசோதனை, மாத்திரை தீரும் ஏழாம் நாளிலேயே இருக்க வேண்டும், அன்றே நீட்டிப்பதா என்று முடிவு செய்ய. கடையில் வாங்கிய களிம்பு, மாத்திரை, வீட்டில் பூசிய பொருள் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், "ஏதாவது போட்டீங்களா" என்றால் இல்லை என்றே பதில் வரும். கணவர்களிடம் "புண் வந்ததுண்டா" என்று கேட்பதிலும் இதே சிக்கல் உண்டு. "சூட்டுக் கொப்புளம் வருமா" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள்.

மீண்டும் வரும்போது அது புதுத் தொற்று அல்ல என்பதை முதல் மாதத்திலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும், இருவர் கையிலும். பிரசவ ஊருக்கான கடிதம் முதல் கர்ப்பப் பரிசோதனையிலேயே தயாராக வேண்டும். இங்கே முந்தைய நாள் மருத்துவர் விடுப்பில் இருந்ததால் அது வளைகாப்பு நாள் காலையில்தான் எழுதப்பட்டது, கணவர் வந்து வாங்கிக்கொண்டு ஓடினார்.